மகளின் செயலிக்கு என் ஆதார் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. நன்றாகப் படம் வரைவாள். வரைந்ததை ஒரு ஆப்பில் புனைபெயரில் போட்டு வருகிறாள். இப்போது அந்த ஆப், பெற்றோர் சம்மதம் வேண்டும், ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள் என்கிறது. புதுச் சட்டமாம், கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்கிறார் கணவர். என் தம்பியோ, பிறந்த வருடத்தை 1998 என்று போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்கிறான். அவள் புனைபெயரில் இருப்பதும் எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: ஆதாரை அப்படியே படமெடுத்து அனுப்பாதீர்கள். வருடத்தையும் மாற்ற வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்வது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளும் முன், சரிபார்க்கக்கூடிய விதத்தில் பெற்றோரின் சம்மதம் பெற வேண்டும் என்கிறது அதன் 9-ஆம் பிரிவு. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் தயாராக 18 மாத அவகாசமும் தந்தன.

அந்த விதி கேட்பது ஒன்றுதான்: சம்மதம் தருபவர் வயது வந்தவர், இன்னார் என்று அடையாளம் காணக்கூடியவர். நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள நம்பகமான விவரத்தை வைத்து அதைப் பார்க்கலாம்; நீங்களாக முன்வந்து தரும் விவரத்தை வைத்துப் பார்க்கலாம்; அரசின் மின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் போன்ற அமைப்பு தரும் டோக்கன் (அடையாளத்தையும் வயதையும் உறுதிசெய்யும் மின்குறியீடு) வழியாகவும் பார்க்கலாம். ஆதாரின் படம் கட்டாயம் என்று அதில் எங்கும் இல்லை.

உங்கள் தம்பி கண்டுபிடித்த ஓட்டை உண்மையானதுதான். விதிகள் தரும் உதாரணங்களில், ‘எனக்கு 18 ஆகவில்லை’ என்று பிள்ளையோ, ‘இது என் பிள்ளைக்கு’ என்று பெற்றோரோ சொன்ன பிறகுதான் சம்மதம் கேட்கும் வேலை தொடங்குகிறது. இந்த ஓட்டையை அடைக்க வேண்டுமென்றால், வருகிற எல்லோரிடமும் வயதுச் சான்று கேட்க வேண்டியிருக்கும். பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசம் உள்ள தளங்களில் அதுதான் நடைமுறை. பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம். அதற்காகப் பெரியவர்களும் முகத்தையோ அடையாள அட்டையையோ காட்ட வேண்டியதாயிற்று. அந்த அக்டோபரில், வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகச் சுமார் 70,000 பயனர்களின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலி அறிவித்தது. வயது தொடர்பான முறையீடுகளுக்காக அனுப்பிய படங்கள் அவை. 16 வயதுக்குக் கீழுள்ளோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை போட்ட ஆஸ்திரேலியா, அடையாள அட்டையை ஒரே வழியாகக் கேட்கக் கூடாது என்றும் சட்டத்திலேயே எழுதிவிட்டது. நம் விதிகளிலும் அந்த ஒரு வரி வர வேண்டும்.

இப்போது உங்கள் வேலை. குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த இணைப்பைத் தொடாமல், செயலியைத் திறந்து அதன் அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். டிஜிலாக்கர் வழி இருந்தால் அதுவே நல்லது. சம்மதத் திரையில் எந்தெந்த ஆவணம் போகிறது என்று காட்டும். தேவையில்லாததற்கு டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். படம்தான் வேண்டும் என்றால், வேறு வழி என்ன, படத்தை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் சரியாக இல்லையென்றால் வேறு செயலி தேடுவதே மேல்.

அப்படியும் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ஆதார் ஆணையத்தின் தளத்தில் ‘மாஸ்க்டு ஆதார்’ இறக்குங்கள். முதல் 8 எண்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எண் மறைந்தாலும் கியூஆர் கட்டம் அப்படியே இருக்கும். அதை ஸ்கேன் செய்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் வரும். அந்தக் கட்டத்தையும் முகவரியையும் மூடுங்கள். போனில் உள்ள மார்க்கரால் தீட்டினால் அடியில் உள்ளது மங்கலாகத் தெரியும். முழுக் கறுப்புக் கட்டம் வைத்து மூடி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குறுக்கே செயலியின் பெயர், ‘பெற்றோர் சம்மதத்துக்கு மட்டும்’ என்ற வரி, தேதி மூன்றையும் எழுதி அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்புங்கள்.

தம்பி சொல்லும் 1998 ஏன் வேண்டாம்? இன்ஸ்டாகிராமையே எடுத்துக்கொள்ளுங்கள். பதின்வயதுக் கணக்கு பிரைவேட்டாகவே திறக்கும். முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது. 16-க்குக் கீழ் என்றால் இதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பொய் வருடம் போட்டால் இந்தக் காவல் அத்தனையும் போய்விடும்.

புனைபெயரைப் பற்றிப் பயப்படாதீர்கள். 14 வயதுப் பெண்ணுக்கு அது நல்ல கவசம். அதைக் கிழிப்பது வேறு விஷயங்கள். வரைந்த படத்தை போட்டோ எடுக்கும்போது ஓரத்தில் நோட்டின் லேபிள் விழும்: பெயர், வகுப்பு, பள்ளி மூன்றும் அதில் இருக்கும். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவு அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் அவளோடு உட்கார்ந்து சரிசெய்யுங்கள். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவதைவிட இது பயன் தரும்.

யாராவது அவளுடைய அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால், 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் தரும் வழியும் உண்டு. அமெரிக்க அமைப்பு ஒன்று நடத்தும் ‘டேக் இட் டவுன்’ சேவையும் பெயர் கேட்பதில்லை. படம் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து எடுத்த எண் குறியீடு மட்டும் போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்கும். படத்தை யாராவது வெட்டியோ திருத்தியோ போட்டால் பழைய குறியீடு பொருந்தாது, புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்களுக்குள் இது எட்டாது. அங்கே வந்த மிரட்டலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, புகாரோடு சேருங்கள்.