சென்னையிலிருந்து செட்டிநாட்டுக்குக் காரில்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

நான் பிறந்தது காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூரில், குடியிருப்பது சென்னையில். இரண்டுக்கும் நடுவே உள்ள ஏறத்தாழ 410 கிலோமீட்டர் சாலையில் முப்பது ஆண்டுகளாக நானே காரோட்டிப் போய் வருகிறேன். வழியில் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எந்த நேரத்தில் போவது என்று பலரும் கேட்டிருந்தார்கள். அவர்கள் கேட்டதையும் என் பதிலையும் கீழே தருகிறேன்.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: ஆச்சி, விடியற்காலையில் புறப்பட்டால் ஒரே மூச்சில் காரைக்குடி போய்விடலாம் என்கிறார் என் கணவர். நடுவில் ஓர் இரவு தங்குவது வீண் செலவா?

ஒரே மூச்சில் போகலாம். எட்டு மணி நேரம் பிடிக்கும். வீட்டு விசேஷத்துக்குப் போகிறவர்கள் அப்படித்தான் போகிறோம். ஊர் பார்க்கப் போகிறவர்கள் அப்படிப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்தச் சாலையை இரண்டாகப் பிரித்து நினைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் வழியாகத் திருச்சி வரையுள்ள 320 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை; அது கடப்பதற்கான தூரம். திருச்சிக்குத் தெற்கே காரைக்குடி வரையுள்ள 90 கிலோமீட்டர் பார்ப்பதற்கான தூரம். முதல் நாள் திருச்சியில் தங்கிவிட்டு, மறுநாள் முழுவதையும் அந்தத் தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொடுங்கள்.

முதல் நாளிலும் இறங்கிப் பார்க்க ஓரிடம் வேண்டுமென்றால், பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டியே ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது; ஒரு மணி நேரம் போதும். பிள்ளைகள் உடன் வந்தால், அதே மாவட்டத்தில் சாத்தனூருக்குத் திரும்பி, 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகவே மாறிக் கிடக்கும் மரத்தைக் காட்டுங்கள். கடல் ஒரு காலத்தில் பெரம்பலூர் வரை வந்திருந்தது என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அந்த மரம் நன்றாகச் சொல்லிவிடும்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: திருச்சியிலிருந்து காரைக்குடி வரை ஒரு நாளில் என்னென்ன பார்க்கலாம்? எந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும்?

வரிசையை முடிவு செய்வது தூரம் அன்று, வெயில். பாறைமேல் இருப்பவற்றைக் காலையில் முடித்துவிட வேண்டும். உச்சிவெயிலில் நிழலுக்குள் இருக்க வேண்டும். உயரத்தில் ஏறி நான்கு திசையும் பார்க்கும் இடத்தைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

காலை ஆறு மணிக்கெல்லாம் திருச்சியை விட்டுக் கிளம்பி, கீரனூர் தாண்டி நார்த்தாமலைக்குப் பிரியுங்கள். மேலமலையின் சரிந்த பாறையில் நடந்து ஏறினால் விஜயாலய சோழீச்சுரம் வருகிறது. பெயரில் சோழன் இருந்தாலும், முத்தரையர் காலத்தில் எழுந்த கோயில் அது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளிச்சுவர் சதுரமாக இருக்க, உள்ளே கருவறை வட்டமாக இருக்கும். எதிரே உள்ள குடைவரையில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. ஒருமுறை நான் பகல் ஒரு மணிக்கு இங்கே வந்து, செருப்பைக் கழற்றிய மறுநொடி பாறையில் கால் வைக்க முடியாமல், கோயில் சுவரின் குறுகிய நிழலோடு நிழலாக ஒட்டியபடியே சுற்றி வந்தேன். அன்றிலிருந்து காலை ஒன்பதுக்குப் பிறகு யாரையும் நான் அங்கே அனுப்புவதில்லை.

அடுத்தது சித்தன்னவாசல். அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கூரையில் மங்கிய பச்சையும் செம்மண் நிறமும்தான் தெரியும்; பலர் அந்த நிலையிலேயே, அழிந்துவிட்டது என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதலில் தாமரை இலைகள் தனித்தனியாகப் பிரிந்து வரும். பிறகு இலைகளுக்கு நடுவே மீன் தெரியும், அன்னம் தெரியும், தண்ணீரில் இறங்கிய யானையும் எருமையும் தெரியும். கடைசியாக, பூவைத் தண்டோடு பறித்துத் தோளில் சாய்த்தபடி நிற்கிற மனிதரின் முகம் தெரியும். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டுச் சொல்கிறது. கால் வலுவுள்ளவர்கள் அதே குன்றின் மேலேறி ஏழடிப்பட்டத்தையும் பார்க்கலாம். துறவிகள் படுத்த கற்படுக்கைகளும், ஒரு படுக்கையோரத்தில் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் அங்கே உள்ளன. ஏறுவதானால் கோயிலுக்கு முன்னதாகவே ஏறிவிடுங்கள்.

மதியச் சாப்பாடு புதுக்கோட்டையில். சாப்பாட்டுக்குப் பிறகு திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் நிழலுக்கு நிழல், அறிவுக்கு அறிவு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றரை, நான்கு மணிக்குத் திருமயம். 1687இல் இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. உச்சியில் ஒரு பீரங்கி இன்னும் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வானம் பார்த்த பூமியும் கண்மாய்களும் பனைமரங்களும் விரிந்து கிடக்கும். நீங்கள் நுழையப்போகும் நாடு எப்படிப்பட்டது என்பது அப்போது புரியும். அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடைந்த கோயில்கள் மாலையில் திறந்திருக்கும். அங்கிருந்து அரை மணியில் கானாடுகாத்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் ஊருக்குள் நுழைவீர்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: கொடும்பாளூர், குடுமியான்மலை இரண்டையும் ஏன் சேர்க்கவில்லை?

ஒரே நாளில் திணிக்க வேண்டாம் என்பதால்தான். கொடும்பாளூர் மூவர் கோயிலைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி வழியாக மதுரை–திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்தால் கொடும்பாளூர் வழியிலேயே வந்துவிடும். மூன்று விமானங்களில் இரண்டுதான் எஞ்சியிருக்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் இருக்கிறது. குடுமியான்மலையில் பாறையில் பொறித்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. இசை கற்றவர்கள் அதற்காகவே தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: செட்டிநாட்டு வீடுகளுக்குள் போய்ப் பார்க்க அனுமதி உண்டா? அரண்மனைகள் எல்லாம் அருங்காட்சியகங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. கேட்காமல் நுழைகிறவர்கள்தான் அதிகம். இவை குடும்பங்களின் வீடுகள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் பத்து, இருபது பங்காளிகள் இருப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை முன்னோரை வணங்கும் படைப்புக்கும், கல்யாணத்துக்கும், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கும் எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். ஆகவே திண்ணையில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதற்கு முன் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கானாடுகாத்தானில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனையை வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறைவு கொள்ளுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகள் சில உண்டு. ஆத்தங்குடிப் பெரிய வீடு அவற்றில் ஒன்று. தங்கும் விடுதிகளாக மாறிய வீடுகளும் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் இருக்கின்றன. என் பரிந்துரை, இரண்டு இரவு அப்படி ஒரு வீட்டில் தங்குவதுதான். முகப்பில் உட்கார்ந்து, நடுமுற்றமான வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, பின்தெருவில் போகிறவரின் வேட்டிக் கரை வரை ஒரே நேர்கோட்டில் தெரிவதைப் பகல் வெளிச்சம் மாற மாறப் பார்க்க வேண்டும். பர்மா தேக்குத் தூண்களையும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சின் வழுவழுப்பையும் கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வீடுகளைப் போலவே தெருக்களையும் கவனியுங்கள். கட்டம் போட்டது போன்ற நேரான தெருக்கள்; கூரையில் விழுந்த மழை வளவில் இறங்கி, வடிகால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும் ஏற்பாடு. ஆறில்லாத சீமையில் மக்கள் குடியிருந்தது இந்தக் கணக்கினால்தான். காலை ஏழு மணிக்குக் காரை நிறுத்திவிட்டு நடந்து பார்த்தால் இந்த ஏற்பாடு கண்ணில் படும்.

மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர்: தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல் செய்வதைப் பார்க்க முடியுமா? வாங்கிக் காரில் கொண்டுவரலாமா?

காலை நேரத்தில் பட்டறைக்குப் போய்க் கேட்டால் பெரும்பாலும் பார்க்க விடுவார்கள். ஒரு கண்ணாடித் துண்டைத் தரையில் வைத்து, அதன்மேல் உலோக அச்சை வைப்பார்கள். அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் குழைத்த வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சைச் செங்குத்தாகத் தூக்குவார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும் அந்த நொடியைப் பிள்ளைகள் தவறவிடக் கூடாது. அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையை வைத்து அமுக்கிச் சமப்படுத்தி, இறுகியதும் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. அந்தப் பளபளப்பு முழுவதும் கண்ணாடி கொடுத்தது. கல் நல்ல கனம் என்பதால் காரில் நாலைந்து கல்லுக்கு மேல் ஏற்ற வேண்டாம்; வீடு கட்டுகிறவர்கள் அளவைச் சொல்லி லாரியில் வரவழைப்பதுதான் முறை.

இதோடு ஒரு வேண்டுகோள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே சாய்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிலைக்கதவும் இடிக்கப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வந்தது. ஒரு வாளி, ஒரு பீங்கான் ஜாடி என்று வாங்குங்கள். தூணையும் கதவையும் வாங்க வேண்டாம். வாங்குவோர் பெருகப் பெருக, நிற்கிற வீட்டைவிடப் பிரித்த வீட்டுக்கு மதிப்புக் கூடிவிடுகிறது. அதற்குப் பதில் தறியில் நெய்த கண்டாங்கிச் சேலை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. நெய்கிறவருக்கும் வருமானம் போகும்.

சேலத்திலிருந்து ஒருவர்: எழுபது வயதுப் பெற்றோரை அழைத்துப் போகிறோம். கோயில்களை எப்படி அமைத்துக்கொள்வது?

நடை சாத்தும் நேரத்தைச் சுற்றியே எல்லாவற்றையும் அமையுங்கள். என் தாயாரைப் பிள்ளையார்பட்டிக்கு ஒருமுறை மிகவும் தாமதமாகக் கூட்டிப்போய், சாத்திய கதவின் முன்னால் சித்திரை வெயிலில் நான்கு மணி வரை உட்கார வைத்த குற்ற உணர்வு எனக்கு இன்றும் உண்டு. காலை ஏழரைக்குள் பிள்ளையார்பட்டியில் இருங்கள். குடைவரைக்குள் வலம்புரித் துதிக்கையோடு அமர்ந்த கற்பகப் பிள்ளையாரை நெரிசலின்றிச் சேவிக்கலாம். அருகிலேயே உள்ள குன்றக்குடியில் படியேற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அடிவாரக் குடைவரைகளோடு நின்றுகொள்ளலாம். வயிரவன்பட்டி, இரணியூர் இரண்டும் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் ஒன்பது கோயில்களில் சேர்ந்தவை. ஏற்றமில்லை, கூட்டமில்லை, சிற்பத்துக்குக் குறைவில்லை. மாலையில் திருக்கோஷ்டியூர், இராமானுசர் ஏறி நின்று எட்டெழுத்துத் திருமந்திரத்தை ஊருக்கே உரைத்ததாகச் சொல்லும் தலம்.

அண்ணாநகரிலிருந்து ஒருவர்: சாப்பாட்டில் எதைத் தவறவிடக் கூடாது?

காரமான கறிக்குழம்பை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நீங்கள் சாயங்காலப் பலகாரத்தைக் கேளுங்கள்: காரச் சட்னியோடு வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மசாலாச் சீயம், தேங்காய்ப்பூ போட்ட கவுனி அரிசி. தங்கும் வீட்டில் முதல் நாளே சொல்லிவையுங்கள். மாவு அரைக்க நேரம் வேண்டும்.

மதுரையிலிருந்து ஒருவர்: எந்த மாதம் நல்லது? இரவில் கார் ஓட்டலாமா?

கார்த்திகை முதல் மாசி வரை. மழை முடிந்து ஊருணிகள் நிறைந்திருக்கும். மதுரை வழியாகத் திரும்புகிறவர்கள் வேட்டங்குடிப் பறவைகளையும் அப்போது பார்க்கலாம். பறவைகள் கலையக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் மக்கள் அங்கே இருக்கிறார்கள்.

இரவு ஓட்ட வேண்டாம். அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டு, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள்; இருட்டில் அந்தக் கல் தெரியாது. தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நகரத்தார் காவடியோடு ஆயிரக்கணக்கானவர்கள் விடியலுக்கு முன்பே நடந்து போவார்கள். அந்த நாட்களில் அந்தச் சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். விளக்கைத் தாழ்த்தி, அவர்கள் கடக்கும்வரை ஒதுங்கி நில்லுங்கள்.

புதுச்சேரியிலிருந்து ஒருவர்: வந்த வழியே திரும்பாமல் கடற்கரையோரமாக ஊர் திரும்ப முடியுமா?

முடியும், ஒரு நாள் கூடுதலாக வேண்டும். காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோயிலுக்கு உச்சிக்கால பூசைக்கு முன்பே போய்ச் சேருங்கள். கல்லைக் கயிறாக முறுக்கியது போலக் கூரை விளிம்பான கொடுங்கையைச் செதுக்கியிருப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும். அங்கே கருவறையில் இலிங்கம் இல்லை. இலிங்கத்தின் பீடமான ஆவுடை மட்டுமே உண்டு. வடித்த புழுங்கலரிசிச் சோற்றை முன்னால் உள்ள படைகல்லில் ஆவி பறக்கக் கொட்டுவார்கள். அந்த ஆவிதான் நிவேதனம். அதைப் பார்த்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, சரபோஜி மன்னர் கட்டிய மனோராவில் கடல்காற்று வாங்கி, இரவு வேதாரண்யத்திலோ நாகப்பட்டினத்திலோ தங்குங்கள். மறுநாள் சிதம்பரம், கடலூர் வழியாக மதியச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரி போய்விடலாம்.