கொதிக்க வெச்சா நைட்ரேட் போயிடுமா?

கேள்வி: கேப்டன் காட்டன் கால்வாய்க்கு பக்கத்து தெருவுல இருக்கோம். போர் தண்ணிய டெஸ்ட் பண்ணதுல நைட்ரேட் 80ன்னு வந்திருக்கு. ஆனா தண்ணி தெளிவாத்தான் இருக்கு, கால்வாய் தண்ணி இறங்கியிருக்குமா? நாலு மாச பையனுக்கு இதுலதான் பவுடர் பால் கலக்குறேன், நல்லா கொதிக்க வெச்சா போதும்ங்கிறாங்க மாமியார்.
- வாசகி, வியாசர்பாடி

பதில்: பையனுக்கு அந்த தண்ணிய இன்னிக்கே நிறுத்திடுங்கம்மா. கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும், நைட்ரேட் ஆவியாகாது, ஒரு லிட்டர் முக்கா லிட்டரா சுண்டுச்சுன்னா உங்க 80 கிட்டத்தட்ட 107 ஆயிடும். குடிதண்ணிக்கு லிமிட்டே லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான். ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைங்களுக்கு இது ரத்தம் ஆக்சிஜன் தூக்கிட்டுப் போறதையே கெடுக்கும், உதடு நகம் நீலமா தெரிஞ்சா யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மெட்ரோ வாட்டர் வருதுன்னா அத ஒரு கொதி விட்டு ஆறவெச்சு கலக்குங்க. ஆர்ஓ போட்டா பெரும்பகுதி போயிடும், ஆனா உள்ள வடிகட்டுற மெம்பரேன் பழசாச்சுன்னா நம்ப முடியாது, அதுல வர்ற தண்ணியையும் அப்பப்ப டெஸ்ட்டுக்கு குடுங்க. படிகாரம், குளோரின், யூவி இதெல்லாம் நைட்ரேட்ட தொடவே தொடாது.

கால்வாய் யோக்கியம்னு நான் சொல்ல வரல, ஆனா கருப்பா நாறுற தண்ணில ஆக்சிஜனே இருக்காது, அங்க கழிவோட வர்ற நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாத்தான் கெடக்கும், அது நைட்ரேட்டா மாறணும்னா காத்து வேணும். எனக்கு சந்தேகம் உங்க தெரு செப்டிக் டேங்க் மேலயும் உடைஞ்ச டிரெய்னேஜ் பைப் மேலயும்தான். அதுல கசியுறது காத்தோட்டமான மேல்மண்ணுல இறங்கும்போது பாக்டீரியா அம்மோனியாவ நைட்ரேட்டா மாத்திடும், மண்ணு அத பிடிச்சு வெக்காது, நேரா போர்ல வந்து சேரும், கலரும் இல்ல வாடையும் இல்ல. பக்கத்துல மாட்டுக் கொட்டகை இருந்தா சாணி, கோமியம் எங்க போகுதுன்னும் பாருங்க.

கேள்வி: எங்க ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. அது தண்ணிய சுத்தம் பண்ணுமாமே, அப்படியே விட்டுடலாமா?
- வாசகர், மாதவரம்

பதில்: தண்ணில இருக்கிற நைட்ரேட்ட உறிஞ்சும் சார், ஆனா வெளிய அள்ளிப் போட்டாத்தான் பிரயோஜனம். அங்கயே அழுகினா உறிஞ்சினதெல்லாம் திரும்ப தண்ணிக்கே வந்துடும். கரையோரம் கோரையும் சம்பும் இருந்தா விட்டு வைங்க, அதுங்க வேர் இருக்கிற சேத்துல காத்து இல்லாததால அங்க வேற பாக்டீரியா நைட்ரேட்ட உடைச்சு வெறும் நைட்ரஜன் வாயுவா ஆகாசத்துக்கே அனுப்பிடும். எண்ணூர் முகத்துவாரத்துல அலையாத்தி சேறும் செலவில்லாம இதத்தான் பண்ணுது, அது மேல சாம்பலையும் மண்ணையும் கொட்டுறவங்களுக்கு யார் சொல்றது? உங்க ஏரிக்கரைக்கு சிமெண்ட் பூச வந்தாங்கன்னா கொஞ்சம் சண்டை போடுங்க. அதுக்கு முன்னாடி ஏரிக்குள்ள விழுற சாக்கடை பைப்ப அடைக்கச் சொல்லுங்க, இல்லன்னா எத்தன தடவ அள்ளினாலும் தாமரை திரும்ப மூடிக்கும்.