அழைத்துப் போக யார் வருவார்கள்?

அன்புள்ள அக்காவுக்கு,

வடக்கு லண்டனில் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குப் பிடித்த குடியிருப்பு, விசாரித்தால், ஒருகாலத்தில் கால்னி ஹேட்ச் மனநோய் மருத்துவமனையாக இருந்த கட்டடமாம். அதை யார் கட்டினார்கள்? ஏன் இத்தாலிய அரண்மனை போலத் தோன்றுகிறது? ஐரோப்பாவிலேயே நீளமான நடைக்கூடம் அங்கே இருந்தது உண்மையா? மனைவிக்கு ஆவி பயம். மாமியார் வாஸ்து பார்க்கச் சொல்கிறார். எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. என் சித்தப்பாவே ஊரில் இப்படியோர் இடத்தில்தான் பல வருடங்களாக இருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார், மாதாமாதம் பணம் அனுப்பிவிடுகிறோம். கட்டடத்தின் வரலாற்றை மட்டும் கொஞ்சம் எழுதுங்கள்.

செந்தில், லண்டன்

அன்புள்ள செந்தில்,

கொஞ்ச காலமாக லண்டனை ஒட்டியிருந்த மிடில்செக்ஸ் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மனநோய் மருத்துவமனைகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

கட்டடத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வடிவமைத்தவர் சாமுவேல் டாக்ஸ். 1849இல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் அடிக்கல் நாட்டினார். 1851இல், லண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்த கோடையில், திறந்தார்கள். நடைக்கூடம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1993இல் மூடினார்கள். வாஸ்து பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

ஆவி என்று எழுதினீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. அங்கே இருந்தவர்கள் லண்டனின் ஏழைகள். கூலிக்காரர்கள், தையல் வேலை செய்தவர்கள், வீட்டு வேலைக்காரிகள். இடம் போதாமல் போனபோது கவுண்டிக்காரர்கள் மரத்தால் தற்காலிகக் கொட்டகைகள் போட்டார்கள். 1903 ஜனவரியில் அவை தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். பிழைப்புத் தேடிக் கிழக்கு லண்டனில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பெண்களும் அந்தக் கொட்டகையில் இருந்தார்கள். புலம்பெயர்ந்து போன நம் வீட்டுப் பெண்கள் அவர்களைப் பார்த்தா பயப்படுவது? உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். அதட்டாமல் சொல்லுங்கள்.

இடம் ஏன் போதாமல் போனது என்பதுதான் என்னை விடாமல் அரிக்கிற கேள்வி. இங்கிலாந்தில் கவுண்டிகள் இப்படியொரு மருத்துவமனை கட்டலாம் என்று 1808இல் சட்டம் வந்தது. கட்டியே ஆகவேண்டும் என்று 1845இல் இன்னொரு சட்டம் வந்தது. மிடில்செக்ஸ் அதற்கு முன்பே, 1831இல், ஹான்வெல்லில் ஒன்றைத் திறந்திருந்தது. அது நிரம்பி வழிந்ததால்தான் கால்னி ஹேட்ச் பிறந்தது. அதுவும் நிரம்பியது. ஆயிரத்துச் சொச்சம் பேருக்காகக் கட்டியதில் பிற்காலத்தில் 3,500 பேர் வரை இருந்தார்கள்.

உள்ளே போனவர்கள் எல்லோரும் அங்கேயே செத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓரிரு ஆண்டுகளில் வீடு திரும்பியவர்கள் நிறைய. தங்கிப்போனவர்கள்தான் வருடத்துக்கு வருடம் சேர்ந்துகொண்டே போனார்கள். போதாக்குறைக்கு 1874இல் அரசு, மருத்துவமனையில் வைக்கப்படும் ஒவ்வோர் ஏழை நோயாளிக்கும் வாரம் நான்கு ஷில்லிங் மானியம் கொடுக்கத் தொடங்கியது. ஏழைகள் விடுதியில் கிடந்த முதியவர்களை இங்கே தள்ளிவிடுவது இன்னும் சுலபமாயிற்று.

ஹான்வெல் என்றதும் எல்லோரும் அங்கே மருத்துவராக இருந்த ஜான் கொனொலியைச் சொல்வார்கள். 1839இல் நோயாளிகளைக் கட்டிப்போடும் சங்கிலியையும் தோல்வாரையும் ஒழித்தவர், மறுக்கவில்லை. ஆனால் என் மனம் அவருக்கு முன்பிருந்த வில்லியம் எல்லிஸ் பக்கம்தான். எல்லிஸும் அவர் மனைவி மில்ட்ரெடும் சேர்ந்து அந்த இடத்தை நடத்தினார்கள். நோயாளிகளுக்குத் தச்சும் தையலும் தோட்ட வேலையும் கொடுத்தார்கள். குணமாகி வெளியே போகிறவர் கையில் காசில்லாமல், போக்கிடமில்லாமல் மறுபடி நொறுங்கி வருவதை எல்லிஸ் கண்டார். அப்படிப்பட்டவர்களுக்கு உதவ ராணி அடிலெய்டின் பெயரில் ஒரு நிதி தொடங்கினார். சேர்க்கும் நாளிலேயே திரும்பிப் போகும் நாளை யோசித்த மனிதர் அவர். இன்று அவரை யார் நினைக்கிறார்கள்?

என் பெரிய அத்தையும் அப்படியோர் இடத்தில் இருந்தாள். எந்த ஊர் என்பது வேண்டாம். சிறுமியாக இருந்தபோது அப்பா என்னை ஒருமுறை அழைத்துப் போனார். சமையற்கட்டில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். பசு ஈன்றுவிட்டதா, காளையா கிடாரியா என்று கேட்டாள். பக்கத்து வீட்டு ஆச்சியின் முட்டிவலி வரை விசாரித்தாள். அவளிடம் என்ன பைத்தியம் என்று எனக்கு விளங்கவேயில்லை. நாங்கள் எழுந்தபோது அவளும் எழுந்தாள். துணிமூட்டையை முதல் நாளே கட்டி வைத்திருந்தாள். சின்ன அத்தை கல்யாணம் முடியட்டும் என்றார் அப்பா. கல்யாணம் முடிந்தது. பிறகு வீடு கட்டினோம். குணமாகிவிட்டார், அழைத்துச் செல்லவும் என்று அங்கிருந்து வந்த அஞ்சலட்டைகளை, அப்பா இறந்த பிறகு, கணக்கு நோட்டுக்குள் நான்தான் கண்டெடுத்தேன். அவர் கெட்டவரல்ல. எல்லோரையும் போலத் தள்ளிப்போட்டார், அவ்வளவுதான். அத்தை அங்கேயே இறந்தாள்.

வெளியே வந்தால் அவர்களால் வாழ முடியாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதற்கும் உங்கள் கட்டடமே பதில் வைத்திருக்கிறது. அதை மூடியபோது, பல ஆண்டுகளாக உள்ளேயே இருந்தவர்களைச் சிறு வீடுகளில் குடியமர்த்தினார்கள். அவர்களையும், கிளேபரி என்ற இன்னொரு மருத்துவமனையிலிருந்து வந்தவர்களையும் மனநல மருத்துவர் ஜூலியன் லெஃப்பின் ஆய்வுக் குழு ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பெரும்பாலோர் புதிய இடத்தில் நிலைத்துவிட்டார்கள். திரும்பிப் போக விரும்பவில்லை. தெருவுக்கு வந்தவர்கள் மிகச் சொற்பம். கவனியுங்கள், செந்தில். உள்ளேயே முதுமையடைந்த மனிதர்கள் அவர்கள். அவர்களாலேயே முடிந்தது என்றால், முப்பது வயதில் மூட்டை கட்டி வைத்திருந்தவளால் முடியாதா? கதவு திறந்துதான் இருந்தது, அழைத்துப் போகத்தான் ஆள் வரவில்லை.

வீட்டை வாங்குங்கள், நல்ல கட்டடம். ஆனால் சித்தப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை உங்களுக்கு யார் சொன்னது? பணம் வாங்கிக்கொள்ளும் அலுவலகமா, மருத்துவரா, அவரேவா? கடைசியாக அவர் குரலை எப்போது கேட்டீர்கள்? வங்கிக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, இவரை வீட்டுக்கு அனுப்பலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள். நடைக்கூடத்தின் நீளத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா