சிப்பி அலமாரிக் கேள்விகள்

சேலத்தில் ஒரு கல்லூரி அருங்காட்சியகத்தின் சிப்பித் தொகுப்பைப் பார்த்துக்கொள்கிறேன். கேளுங்க என்றேன், கேட்டுவிட்டீர்கள்.

அஸ்தம்பட்டி மாணவி: ஐயா, துறை அலமாரியில் சிப்பிகள் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. பூஞ்சையா?

இல்லைம்மா. அலமாரி மரமா, பிளைவுட்டா? மரமும் பசையும் அசிட்டிக், பார்மிக் அமில ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், சிப்பியோ கால்சியம் கார்பனேட், ஈரமும் சேர்ந்தால் ஓடு கரைந்து உப்பாகப் பூக்கும். 1899இல் இதைப் பற்றி எழுதிய பைன் என்ற ஆங்கிலேயர் கிருமியையும் சந்தேகப்பட்டார், அதனால் 'பைன் நோய்' என்ற பெயர் நின்றுவிட்டது. தூரிகையால் தட்டிவிட்டு இரும்பு அலமாரிக்கு மாற்று. ஓட்டின் மேல் அரித்துப்போன வரிக்கோலம் திரும்ப வராது. மாற்றும்போது சீட்டைப் பிரித்துவிடாதே; எங்கே, எப்போது எடுத்தது என்று தெரியாத சிப்பி வெறும் ஓடு.

மேட்டூர் அண்ணன்: அணை வற்றினால் கரையில் கறுப்பாகக் கிடப்பது என்ன?

பெரும்பாலும் லாமெல்லிடென்ஸ், நன்னீர் மட்டி. இதன் குஞ்சு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு வளரும். எடுத்தால் இரண்டு ஓடும் சேர்ந்ததாக எடுங்கள், இரண்டும் இணையும் இடத்தில் இருக்கும் கீல் பல்லைப் பார்த்துத்தான் இனம் சொல்ல முடியும். சீட்டு!

ஓமலூர்: என்னிடம் பெரிய சிப்பி இருக்கு, என்ன விலை போகும்?

விலை கேட்பதில் நீங்கள் மூன்றாவது ஆள். சொல்வதில்லை. ராட்சத மட்டியாக இருந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும், விற்கக் கிளம்பாதீர்கள்.

ஏற்காடு: எஸ்டேட் பாறையில் சிப்பி அச்சு இருக்கிறது.

இருக்காது. சேர்வராயன் மலை சார்னோகைட், பூமிக்கடியில் வெந்து உருமாறிய பாறை, ஓடு கட்டும் உயிர்கள் வருவதற்கு வெகு காலம் முந்தியது. அச்சு வேண்டுமானால் அரியலூர் போங்கள். அந்தப் பக்கத்துச் சிப்பிப் புதைபடிவங்களை ஸ்டோலிச்கா என்ற புவியியலாளர் 1871லேயே பெரிய நூலாகப் போட்டிருக்கிறார்.

சூரமங்கலம்: அமிலமாவது ஒன்றாவது, கருப்பூர் மேக்னசைட் சுரங்கத்து வெள்ளைத் தூசுதான் அந்தப் பொடி.

தூசு என்றால் அதே தட்டில் இருக்கும் குவார்ட்ஸ் மேலும் படிந்திருக்க வேண்டுமே? சிப்பியில் மட்டும் ஏன்?

சூரமங்கலம் மறுபடி: தாத்தா காலத்து மரப்பீரோவில் எங்கள் சங்கு நல்லாத்தானே இருக்கு?

அந்தப் பீரோ கதவில் விரல் நுழைகிற இடுக்கு இருக்கும், ஆவி தேங்காது. இறுக்கி மூடுகிற டிராயர்தான் ஆபத்து.

சூரமங்கலம்: நம்பமாட்டேன்.

சரி, நம்பவேண்டாம். ஒரே இடத்தில் எடுத்த சிப்பி இரண்டு, ஒன்று புது பிளைவுட் பெட்டியில், ஒன்று கண்ணாடி ஜாடியில், இரண்டையும் மூடி ஒரு மழைக்காலம் விடுங்கள். ஜாடிக்குள்ளும் பூத்தால் வந்து சண்டை போடுங்கள்.