நிலக்கரி அடுப்பின் இழுவை: முதலில் மீட்டரா, டாம்பரா?

கேள்வி: வீட்டைச் சூடாக்க ஆந்த்ரசைட் நிலக்கரி அடுப்பு வைத்திருக்கிறோம். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் நிலக்கரி மளமளவென்று தீர்ந்துவிடுகிறது, ஆனால் அறையில் சூடு நிற்பதில்லை. கடையில் கேட்டால், புகைக்குழாயில் பாரோமெட்ரிக் டாம்பர் (தானாகத் திறந்து மூடும் காற்றுத் தகடு) மாட்டினால் போதும் என்கிறார்கள். அதை வாங்கலாமா, இல்லை இழுவையை, அதாவது புகைபோக்கி அடுப்பிலிருந்து காற்றை உறிஞ்சும் விசையை, அளக்கும் மானோமீட்டர்தான் முதலில் வேண்டுமா? மலிவாகக் கிடைக்கும் டிஜிட்டல் மீட்டர் போதுமா?

பதில்: முதலில் மீட்டர் வாங்குங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இழுவை அதிகம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் சாம்பல் கதவின் ஓரத்தில் இருக்கும் கேஸ்கெட் கயிறு தேய்ந்து, அந்த வழியாகக் காற்று நுழைந்தாலும் நிலக்கரி இதே மாதிரிதான் எரியும். மீட்டர் சரியான அளவைக் காட்டும்போதும் நெருப்பு அடங்கவில்லை என்றால் கோளாறு கதவில் இருக்கிறது. அதற்கு டாம்பர் வாங்கி என்ன பயன்?

டிஜிட்டல் மீட்டர் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். கையால் நிலக்கரி போடும் பல ஆந்த்ரசைட் அடுப்புகளுக்கு வேண்டிய இழுவை 0.04 முதல் 0.06 அங்குல நீர் அளவுதான் (நீர்மட்டத்தை அவ்வளவு உயர்த்தும் அழுத்தம்), அதாவது சுமார் 10 முதல் 15 பாஸ்கல். ஒரு மீட்டர் 55 அங்குலம் வரை அளக்கும், பிழை முழு அளவில் 0.3 சதவீதம் என்று அட்டையில் போட்டிருந்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் பிழை மட்டுமே 0.165 அங்குலம். நீங்கள் அளக்கப்போகும் இழுவையைப் போல மூன்று மடங்கு! திரையில் எத்தனை தசம இலக்கம் தெரிந்தாலும் அதை நம்ப முடியாது. ஆகவே அளவு வரம்பு சிறியதாக இருக்கும் கருவியைத் தேடுங்கள். சாய்வான குழாயில் சிவப்பு எண்ணெய் ஓடும் மானோமீட்டர் இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்தும். 0.01 அங்குலக் கோடுகள் அதில் தள்ளித்தள்ளி இருப்பதால் கண்ணாலேயே படிக்கலாம், பேட்டரியும் வேண்டாம்.

அளக்கும் இடமும் முக்கியம். அடுப்பின் புகைவாய்க்கும் டாம்பருக்கும் நடுவில், புகைக்குழாயில் சுமார் 6 மி.மீ. துளை போடுங்கள். டாம்பரைத் தாண்டி அளந்தால் புகைபோக்கியின் இழுவைதான் தெரியும், அடுப்புக்கு என்ன கிடைக்கிறது என்பது தெரியாது. துளையில் தாமிரக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, சூடு குறையும் தூரத்தில் சிலிகான் ட்யூபை இணைத்து மீட்டருக்குக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் ட்யூபை நேராகப் புகைக்குழாயில் செருகினால் உருகிவிடும். மீட்டரை ரசமட்டம் பார்த்து மாட்டி, ட்யூபைக் கழற்றிய நிலையில் எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே அளவெடுக்க வேண்டும்.

நிலக்கரி போட்ட உடனே எடுக்கும் அளவு உதவாது. நெருப்பு நன்றாகப் பிடித்து, கதவுகள் மூடி, குழாய் முழுச் சூட்டுக்கு வந்து நிலையான பிறகு பாருங்கள். காற்றடிக்கும் நாளிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாதாரண நாளில் 0.05 காட்டும் மீட்டர் அன்று 0.10-ஐத் தாண்டிக் குதித்தால், ஆமாம், பாரோமெட்ரிக் டாம்பர் உங்களுக்குத் தேவைதான். இழுவை கூடும்போது அதன் தகடு தானாகத் திறந்து அறைக் காற்றைக் குழாய்க்குள் விடும், நெருப்பின் வழியாக இழுக்கும் வேகம் குறையும். தகட்டின் அச்சு சரியான மட்டத்தில் இருக்க வேண்டும். தகட்டில் உள்ள எடையைக் கொஞ்சமாக நகர்த்தி, சில நிமிடம் பொறுத்து, மீட்டரைப் பார்த்து மறுபடி நகர்த்துங்கள். எந்த எண்ணில் நிறுத்துவது என்பதற்கு உங்கள் அடுப்பின் கையேடு சொல்வதுதான் கணக்கு. நான் மேலே சொன்னது பொதுவான அளவு.

அதே அடுப்பில் விறகும் எரிப்பீர்கள் என்றால் இந்த டாம்பர் வேண்டாம். விறகுப் புகை குழாயில் படியவைக்கும் தார் தீப்பற்றினால், திறந்த தகடு அந்தத் தீக்கு வேண்டிய காற்றை ஊட்டிவிடும்.

கேள்வி: எங்களுக்கு மீட்டர் 0.01, 0.02 என்றுதான் காட்டுகிறது. டாம்பரை இறுக்கினால் கூடுமா?

பதில்: தகடு வீணாகத் திறந்து கிடந்தால் கொஞ்சம் கூடும். மூடியே இருக்கிறது என்றால் கூடாது, இழுவையைக் குறைக்க மட்டும்தான் டாம்பரால் முடியும். இது அவசர விஷயம். இழுவை இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அடுப்பு இருக்கும் அறையிலும் படுக்கையறைப் பக்கமும் அலாரம் இல்லையென்றால் வேறு எதையும் வாங்கும் முன் அதை வாங்குங்கள். அலாரம் அடித்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லோரும் வெளியே வந்து அவசர உதவியை அழையுங்கள்.

அப்புறம், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு அணைத்துப் பாருங்கள். ஃபேன் ஓடும்போது அளவு இறங்கி, ஒரு ஜன்னலைத் திறந்ததும் ஏறினால், வீட்டுக்குள் காற்று வர வழி போதவில்லை. அதில் மாற்றமே இல்லையென்றால் அடுப்பை முழுக்க ஆறவிட்டு, புகைக்குழாயின் படுக்கைவாட்டுப் பகுதியையும் முழங்கை வளைவையும் கழற்றிப் பாருங்கள். நிலக்கரியின் நுண்சாம்பல் அங்கேதான் சேரும், பாதிக் குழாய் அடைத்திருந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. புகைபோக்கியின் அடியில் உள்ள சுத்தம் செய்யும் கதவு இறுக மூடுகிறதா என்பதையும் பாருங்கள். அந்த இடைவெளி வழியாக நுழையும் குளிர்காற்று இழுவையைத் தின்றுவிடும்.