பழைய புல்லட்டில் டேப்பட் சத்தம் போய்விட்டது. ஆனால் சூடானதும் வண்டி நின்றுவிடுகிறது. ஏன்?

முதலில் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். 1990-களின் காஸ்ட் அயர்ன் புல்லட் 350, டேப்பட் சத்தத்துக்காக மெக்கானிக்கிடம் விட்டீர்கள், அவர் சத்தமே இல்லாமல் செய்து கொடுத்தார், இப்போது எஞ்சின் சூடேறினால் ஐடிலிங் நிலைப்பதில்லை, கிக்கரும் எதிர்ப்பில்லாமல் இறங்குகிறது என்கிறீர்கள். வால்வைத் திறக்கும் அசைவைக் கீழிருந்து மேலே தள்ளும் பாகம்தான் டேப்பட். அதை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார். காலையில் கிக்கர் கனமாகவும் ஓடி வந்தபின் லேசாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சூட்டில் வால்வின் தண்டு நீளும். அதற்கு இடைவெளி இல்லாவிட்டால் வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், கசியும். அதைவிடப் பெரிய கேடு புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு. அது தன் சூட்டின் பெரும்பகுதியை இருக்கையில் உட்காரும் நேரத்தில்தான் சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டுக்குக் கடத்துகிறது. உட்கார முடியாத வால்வின் விளிம்பு எரிந்துபோகும். தளர்ந்த டேப்பட் சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். இறுகிய டேப்பட் சத்தமில்லாமல் இருந்தே வேலையைக் கெடுக்கும். புல்லட்டை மௌனமாக்கிக் காட்டுவதைத் திறமை என்று நினைக்கும் பட்டறைகள் மேல் எனக்கு எப்போதும் கோபம் உண்டு. இந்த எஞ்சினில் மெல்லிய டிக் டிக் ஒலி இருக்கத்தான் வேண்டும்.

இதில் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் தேவையில்லை. எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த நிலையில், டேப்பட்டின் அசைவை மேலே கொண்டுபோகும் தண்டான புஷ் ராட் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. குளிர்ந்த நிலையில் இடைவெளியே இல்லாமல் வைத்தால் சூட்டில் இறுகிவிடாதா என்று கேட்கலாம். புஷ் ராட் அலுமினியக் கலவை, சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். ஆனால் சிலிண்டர் புஷ் ராடைவிட மிக அதிகமாகச் சூடேறுகிறது. இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடும். அதற்காக அந்த அளவையும் தாண்டி இறுக்கினால் ஈடுகட்ட ஒன்றும் மிஞ்சாது.

இரவு முழுக்க நிறுத்திவைத்த வண்டியில் காலையில் வேலையைத் தொடங்குங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றுங்கள். பிளக் துளையை விரலால் மூடினால், காற்று விரலைத் தள்ளும் சுற்றுதான் கம்ப்ரஷன் சுற்று. அதில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது நிறுத்துங்கள். இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். வலப்பக்கத்தில் ஒற்றை நட்டில் நிற்கும் டேப்பட் மூடியைக் கழற்றினால் இரண்டு டேப்பட்களும் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அறுகோண முகங்கள். நடுவில் இருப்பது லாக் நட். கீழே உள்ளதை அசையாமல் பிடித்து, லாக் நட்டைத் தளர்த்தி, மேலே உள்ளதைத் திருப்ப வேண்டும். தடித்த ஸ்பேனர் நுழையாது. டேப்பட்டுக்கென்றே விற்கும் மெல்லிய ஸ்பேனர்களை வாங்கிக்கொள்ளுங்கள்.

எரிச்சலூட்டும் கட்டம், லாக் நட்டை இறுக்குவது. இறுக்கும்போதே அளவு கொஞ்சம் நகர்ந்துவிடும். அதனால் இறுக்கியபின் புஷ் ராடை மறுபடி ஒரு முழுச் சுற்றுச் சுழற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் புஷ் ராட் வளைந்திருக்கலாம். எக்ஸாஸ்ட் டேப்பட்டில் சந்தேகம் வந்தால் தளர்வின் பக்கமே நில்லுங்கள்.

சரியாக வைத்தபின்னும் சத்தம் பெரிதாக இருந்தால், அது டேப்பட் சத்தமே இல்லாமல் இருக்கக்கூடும். சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் புகை கசிந்தாலும், கம்ப்ரஷனைத் திறந்துவிட உதவும் டீகம்ப்ரஷன் வால்வு சரியாக மூடாவிட்டாலும் இதே டிக் ஒலிதான் வரும். காலையில் தட்டி, சூடானதும் அடங்கும் ஒலி பெரும்பாலும் பிஸ்டனுடையது. சில நாட்களிலேயே இடைவெளி திரும்பத் திரும்ப மாறினால் லாக் நட்டையும், புஷ் ராடின் முனை குழாயிலிருந்து தளர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய புல்லட்டில் இது அறிந்த கோளாறுதான். பின்னாளில் வந்த யூ.சி.இ. (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த) எஞ்சின்களில் ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் என்பதால் மேலே சொன்ன டேப்பட் வேலை அவற்றுக்குப் பொருந்தாது.

மூடியை மாட்டும்போது அந்த ஒற்றை நட்டை முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம். கேஸ்கெட் நசுங்கி ஆயில் ஒழுகும். பிறகு வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவந்து கிக்கரை மிதித்துப் பாருங்கள். எதிர்ப்பு திரும்பியிருந்தால் வேலை முடிந்தது. அப்போதும் லேசாகவே இறங்கினால் வால்வு ஏற்கெனவே எரிந்திருக்கலாம். ஹெட்டை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.