இயற்கைச் சாயம், கைநெசவு இரண்டையும் புதியவர்களுக்கு ஒரே பயிற்சிப் பட்டறையில் சொல்லித்தர முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

தாராளமாக முடியும். ஆனால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். சாயம் போட்ட நூல் இரவு முழுக்கக் காய்ந்தால்தான் மறுநாள் தறிக்குப் போகும்.

முக்கியமாக, நூலை நீங்களே தயார் செய்து கொடுத்துவிடாதீர்கள். நான் சொல்லித்தர ஆரம்பித்த புதிதில், நேரம் மிச்சமாகட்டும் என்று, சாயம் நூலில் பிடித்து நிற்க உதவும் படிகாரத்தை ஏற்கெனவே ஏற்றிய நூலைத்தான் கையில் கொடுப்பேன். எல்லோரும் சாயத்தில் முக்கியெடுத்துச் சந்தோஷமாகப் போவார்கள். வீட்டில் தனியாகச் செய்து பார்த்தவர்களுக்கு முதல் அலசலிலேயே நிறம் தண்ணீரோடு போய்விட்டது. சாயத்துக்கு முந்தைய வேலையை நான் அவர்கள் கண்ணில் காட்டவே இல்லையே, எப்படி நிற்கும்?

இப்போது வெறும் பருத்தி நூலிலிருந்து தொடங்குகிறேன். சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவோம். பார்வைக்குச் சுத்தமாக இருந்த நூலிலிருந்து பழுப்புத் தண்ணீர் இறங்கும். பருத்தியில் இயல்பாகவே இருக்கும் மெழுகும் அழுக்கும்தான் அது. அந்தப் பானையை எட்டிப் பார்த்தவர்கள் பிறகு இந்த வேலையைத் தவிர்ப்பதே இல்லை.

அடுத்தது கடுக்காய். பட்டும் கம்பளியும் படிகாரத்தை நேரே பிடித்துக்கொள்ளும். பருத்திக்கு அந்தப் பிடிப்பு குறைவு, அதனால் துவர்ப்பை முதலில் ஏற்ற வேண்டும். 100 கிராம் நூலுக்கு 20 கிராம் கடுக்காய்ப்பொடி, அப்புறம் 15 கிராம் படிகாரம் என்பது என் கணக்கு. கடுக்காய் ஏறிய நூலில் ஒரு துண்டை மட்டும் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்த தண்ணீரில் விடச் சொல்லுங்கள். வெளிர்மஞ்சளாக இருந்தது கண்ணெதிரே கருஞ்சாம்பலாக மாறும். அன்னபேதி கூடினால் நூல் நாளடைவில் இற்றுப்போகும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

சாயத்துக்கு மஞ்சிட்டி என்ற சிவப்புச் சாய வேரும் வெங்காயத் தோலும் போதும். மஞ்சிட்டியைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் சிவப்பு மங்கிப் பழுப்படிக்கும், மிதமான சூடே சரி. மஞ்சள்தூள் பளிச்சென்று பிடித்தாலும் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். நீலச் சாயம் தரும் அவுரி எனக்கு உயிர், ஆனாலும் முதல் பட்டறையில் அதை எடுப்பதில்லை. அதற்குப் படிகாரமே தேவையில்லை. தொட்டியிலிருந்து பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டு நீலமாகும். அதைப் பார்த்ததும் காலையில் படித்த பாடம் குழம்பிவிடுகிறது.

நெசவுக்கு ஆணி அடித்த சின்ன மரச்சட்டம் போதும். பாவுக்கு, அதாவது சட்டத்தில் நீளவாக்கில் கட்டும் நூலுக்கு, உறுதியான முறுக்கு நூலை வாங்கிக் கட்டுங்கள். அவர்கள் சாயமிட்ட நூல், குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும் இருக்கட்டும். பாவு அறுந்தால் புதியவர்கள் மனம் விட்டுப்போகிறது. எல்லோருக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான். ஊடையை இறுக்கி இழுப்பதால் ஓரம் உள்வாங்கி, 20 செ.மீ. அகலம் போகப்போக 16 ஆகிவிடும். ஊடையை நேர்கோடாக இழுக்காமல் வில் போல வளைத்துப் போட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தட்டச் சொல்லுங்கள். நாலு வரிசைக்கு ஒருமுறை அளவுகோல் வைத்துப் பார்க்கவும் பழக்குங்கள்.